என்ன சாப்பிட்டே என்று கேட்டவர்கள்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்களும் ஒரே சமயத்தில் முழுகாமல் இருந்தார்கள். முதலில் பெரியவளுக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறந்து சொல்லி முடிப்பதற்குள் சின்னவளுக்கும் நாள் தள்ளிப்போனது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணு கேட்டேன், ரெண்டா வருது" என்று பால்காரரிலிருந்து மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வரை எல்லோரிடமும் சொல்லி மாய்ந்துபோனாள்.

பெரியவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பழகுகிறவர்கள் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருக்க, இவள் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி நிதானமாக உட்கார்ந்திருப்பாள். எதிரே தண்ணீர் லாரி வந்தாலும் குரல் உயராது. "கொஞ்சம் ஓரமா... அவ்வளவுதான், பயப்படாதீங்க" என்பாள்.

குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று முடிவெடுத்த உடனேயே அவள் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரேயடியா வெளுத்துப் போயிருக்கீங்களே. காலையில என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"டீ."

"சரி, அதுக்கப்புறம்?"

"இன்னொரு டீ."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தத்தில் இரும்புச் சத்து பாதிதான் இருக்கிறது, முதலில் அதைச் சரி செய்யுங்கள் என்றார். கரு உண்டாவதற்கு முன்பிருந்தே போட வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரை என்று ஒன்றும், இரும்பு மாத்திரை ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பெரியவள் சாப்பாட்டைப் பாடமாக எடுத்துக்கொண்டாள். காலையில் இரண்டு அவித்த முட்டை, மதியம் கீரையும் பருப்பும், வாரத்தில் இரண்டு நாள் மீன், சாயங்காலம் பழம். இரும்பு மாத்திரை போடும் நேரத்தில் டீயைத் தொடுவதில்லை. காரின் முன்பெட்டியில் ஒரு டப்பா நிறைய வேர்க்கடலை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நாலு எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அவள் புருஷன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். "ஊர்ல இருக்கற ஃபிரிட்ஜையெல்லாம் ரிப்பேர் பண்றேன். நம்ம வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ள இப்பத்தான் ஏதோ இருக்கு" என்று கேலி செய்தபடியே பழம் பழமாக வாங்கி வந்து அடுக்கினான்.

சின்னவள் கதை வேறு. அவள் ஓர் அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள். இந்தப் பிள்ளை அவள் நினைத்து வந்ததல்ல, தானாக வந்தது. வந்த கையோடு வாந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தது. முதலில் தலைச்சாயத்தின் வாடை ஆகவில்லை. வேலையை விட்டு நின்றாள். அப்புறம் தாளிக்கும் வாடை. பிறகு சோப்பு வாடை. கடைசியில் புருஷனின் சட்டை வாடைகூட ஆகாமல் போனது. நல்லவேளை, அவன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதே இல்லை. மாடி அறையில் அவள் சுருண்டு கிடந்தாள். காய்ந்த ரஸ்க்கும் ஐஸ் கட்டியும்தான் ஆகாரம்.

மாமியார் படியில் நின்றபடி மேலே பார்த்துக் குரல் கொடுப்பாள். "பெரியவளப் பார்த்துக் கத்துக்கோ. அவ ஒரு வேளை தவறாம மருந்து மாதிரி சாப்பிடறா. நீ பட்டினி போடறது உன்னை இல்ல, வயித்துல இருக்கற எம் பேரனை!"

அந்தப் பேச்சைக் கேட்கும்போது பெரியவளுக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் சின்னவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஒரு நாள் அரிசியைக் குழைய வேகவைத்து, தண்ணீராகக் கரைத்து, உப்பு மட்டும் போட்டு, நன்றாக ஆறவைத்து மாடிக்குக் கொண்டுபோனாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஒரே மூச்சுல குடிக்காதே. ஒரு வாய் குடி, பேசு. அப்புறம் இன்னொரு வாய்" என்றாள். அந்தக் கஞ்சி தங்கியது. அதற்கப்புறம் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு டம்ளர் கஞ்சியோடு மாடிக்குப் போவது அவள் வழக்கமாயிற்று. சின்னவள் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வலி வந்தா அத்தை எங்க போவாங்க?"

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு ரெண்டு பக்கமும் கத்துவாங்க."

சின்னவள் சிரிப்பாள். சிரித்த வேகத்தில் குமட்டும். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும் வரை காத்திருப்பார்கள்.

மூன்றாவது மாதம் முடியவில்லை. ஒரு முற்பகல், ரொட்டிக்கடை நடத்தும் அம்மாள் ஒருத்திக்கு ரவுண்டானாவைச் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள் பெரியவள். அடிவயிற்றில் யாரோ துணியைப் பிழிவது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடுப்பில் ஈரம் தெரிந்தது. அவள் குரல் மாறவில்லை. "இந்தச் சுத்து முடிஞ்சதும் இடது பக்கம் திரும்புங்க. நேராப் போங்க. வலது பக்கம் ஆஸ்பத்திரி வரும். வாசல்லயே நிறுத்துங்க" என்றாள்.

"ஆஸ்பத்திரியா? எதுக்கும்மா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

ரொட்டிக்கடை அம்மாள் அன்றுதான் முதன்முதலாக ஒரு காரை யார் உதவியும் இல்லாமல் நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். பெரியவள் அழவில்லை.

ஸ்கேன் அறையில் இருட்டு. டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். "துடிப்பு இல்லம்மா. நின்னு சில நாள் ஆகியிருக்கும் போல" என்றார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து விசாரிக்க ஆள் வரத் தொடங்கியது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன சாப்பிட்டே?"

"முட்டை சூடாச்சே, தினமும் ரெண்டா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அந்த மீன் நல்ல மீன்தானா? எந்தக் கடை?" என்றாள் புருஷனின் சித்தி.

மாமியார் யாருக்கும் பதில் சொல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவர்கள் போன பிறகு அவளும் அடுப்படிக்கு வந்து நின்றாள். "நான் குத்தம் சொல்லல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். வெளியில கண்ட இடத்துல ஏதாவது வாங்கித் தின்னியாம்மா?"

"இல்லத்தை."

"யோசிச்சுப் பாரு."

பெரியவள் யோசித்தாள். வேறென்ன செய்தாள் அந்த நாட்களில்? படுத்தபடி தான் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையையும் மனசுக்குள் எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒருநாள் முட்டை சரியாக வேகாமல் மஞ்சள் கரு ஒழுகியது. அதுவா? கீரையை அவசரமாகக் கழுவினேனே, அதுவா? பள்ளியில் கணக்கு முடிக்க நேரமாகி ஒரு ராத்திரி மாத்திரை போடாமல் தூங்கிப்போனேன். அதுவாகத்தான் இருக்குமா?

"நீ எந்தத் தப்பும் செய்யல" என்றான் புருஷன்.

"அப்ப யாரு செஞ்சா?"

அவன் எழுந்து போனான். ஃபிரிட்ஜில் அழுக ஆரம்பித்திருந்த பழங்களைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு வந்தான்.

எல்லாவற்றையும்விட அவளால் தாங்க முடியாதது மாடியிலிருந்து வரும் சத்தம். விடிந்தால் போதும், சின்னவள் ஓங்கரிக்க ஆரம்பிப்பாள். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் பெரியவள் கஞ்சியோடு ஓடுவாள். இப்போது தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். மேலே உள்ள பிள்ளை உயிரோடு இருக்கிறது. ரஸ்க்கைத் தின்று, அதையும் கக்கி, தண்ணீர்கூடத் தங்காத உடம்பில் அது பாட்டுக்கு வளர்கிறது. நான் ஒரு பருக்கை வீணாக்காமல் ஊட்டி வளர்த்தது நின்றுவிட்டது.

வேலைக்குத் திரும்பியபோது, "சீக்கிரம் போகணும், காலையில கஞ்சி வைக்க நேரமில்லத்தை" என்று சொல்லிவிட்டாள். அது பொய். பள்ளி திறப்பதற்கு வெகு நேரம் முன்பே போய்க் காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் தனக்குத் தெரிந்ததைச் செய்து மாடிக்கு எடுத்துப் போனாள். தாளித்தது, வறுத்தது, நெய் ஊற்றியது. வாடை பட்டதும் சின்னவள் குளியலறைக்கு ஓடினாள். மாமியார் மனசு நொந்து இறங்கி வந்தாள். கஞ்சி வேண்டும் என்று சின்னவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே இறங்கி வருவதையும் விட்டுவிட்டாள். ஒரு வாரத்துக்கு மேல் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கு விடுமுறை. பெரியவள் படுக்கையில் விழித்துக் கிடந்தாள். மாடியிலிருந்து சத்தம் வரவில்லை. வழக்கமான நேரம் கடந்தும் வரவில்லை. வீடே நிசப்தமாக இருந்தது. அப்போது அவள் மனசுக்குள் ஓர் எண்ணம் எழுந்தது: அவளுக்கும் போயிருக்கும். அந்த எண்ணத்தோடு ஏதோ ஓர் ஆறுதல் சூடாக நெஞ்சில் பரவியது. அது என்னவென்று புரிந்த கணத்தில் போர்வையை உதறினாள். எழுந்து, வெறுங்காலோடு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

குளியலறை வாசலில் சின்னவள் சுவரில் சாய்ந்தபடி கால்களை நீட்டிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கையைத் தொட்டால் தோல் காகிதம் போல இருந்தது.

"அக்கா... எழுந்தா எல்லாம் சுத்துது."

"எத்தனை நாளா எதுவும் தங்கல?"

சின்னவள் தெரியாது என்பது போலத் தலையை ஆட்டினாள். பேச எச்சிலும் இல்லை.

கொழுந்தன் எங்கோ நெடுஞ்சாலையில் இருந்தான். புருஷன் காலையிலேயே ஓர் ஐஸ்கிரீம் கடைக்கு ரிப்பேருக்குப் போயிருந்தான். பயிற்சிப் பள்ளியின் கார் அன்று வாசலில்தான் நின்றது. பெரியவளும் மாமியாருமாகச் சின்னவளைத் தூக்கிப் பின்னிருக்கையில் கிடத்தினார்கள். தன் வாழ்நாளில் ஹாரனை வீணாகத் தொடாத பெரியவள் அன்று கையை எடுக்காமல் அடித்துக்கொண்டு போனாள். காரின் தலையில் 'பழகுநர்' என்று பெரிய பலகை. முன்னால் போனவர்கள் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு உயிருக்குப் பயந்து விலகி வழிவிட்டார்கள். மாமியார், "பைய, பைய" என்றும் "சீக்கிரம், சீக்கிரம்" என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதே ஆஸ்பத்திரி. அதே டாக்டரம்மா. சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு முகம் இறுகினார். உடம்பில் தண்ணீரே இல்லை, கொழுப்பைக் கரைத்து உயிரோடு இருக்கிறாள், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தாய்க்கே ஆபத்து என்றார். கையில் ஊசி ஏற்றி முதலில் விட்டமினும், பிறகு சொட்டுச் சொட்டாகத் திரவமும் ஏற்றினார்கள்.

"எப்பலேருந்து இவ்வளவு மோசம்? போன தடவை வந்தப்ப கஞ்சி தங்குதுன்னு சொன்னீங்களே" என்று டாக்டரம்மா கேட்டார்.

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். "தெரியல டாக்டர். எனக்கே பிடிக்காமப் போச்சு."

"அவளுக்குப் பிடிக்காமப் போகல" என்றாள் பெரியவள். "நான்தான் வச்சுக் குடுக்கறத நிறுத்திட்டேன்."

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

நர்ஸ் ஒரு சின்னக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்து சின்னவளின் வயிற்றில் வைத்தாள். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு குதிரை ஓடுவது போல, விடாமல், மளமளவென்று ஒரு சத்தம் அறை முழுக்க நிறைந்தது. மாமியார் கைகூப்பிவிட்டாள். சின்னவள் சட்டென்று நர்ஸின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், சத்தத்தக் குறைச்சிடுங்க. ப்ளீஸ்."

நர்ஸுக்குப் புரியவில்லை. பெரியவளுக்குப் புரிந்தது.

"வேண்டாம் சிஸ்டர். இருக்கட்டும்" என்றாள். கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, அது நிறுத்தப்படும் வரை நின்று கேட்டாள். கண்ணிலிருந்து நீர் தன் பாட்டுக்கு இறங்கி முகவாயில் சொட்டியது. அதை அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அத்தனை நாளும் வராத அழுகை அது.

வெளியே நடைபாதையில் டாக்டரம்மாவை நிறுத்தினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டாக்டர். அவ ஒண்ணும் சாப்பிடல. நான் நீங்க சொன்ன எல்லாத்தையும் சாப்பிட்டேன். ஒரே ஒரு ராத்திரி மாத்திரை போடல. அதனாலயா?"

டாக்டரம்மா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொன்னார். "இல்ல. ஒரு ராத்திரி மாத்திரை விட்டுப்போனதால எந்தக் கருவும் கலையாது. வேகாத முட்டை, கழுவாத கீரைன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருப்பீங்க. எல்லாரும் பாப்பாங்க. முதல் மூணு மாசத்துல கலையறதுல ஏறக்குறைய பாதி, கரு சேரும்போதே அதுக்குள்ள இருந்த கோளாறு. அது நீங்க முதல் முட்டையை உரிக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிருக்கும்."

"அப்ப நான் சாப்பிட்டதெல்லாம் வீணா?"

"வீண்னு யாரு சொன்னா? ரத்தம் இல்லாத உடம்பு, சத்து இல்லாத உடம்புன்னா ஆபத்து கூடும். நல்லா சாப்பிட்டா அது குறையும். ஆனா குறையுமே தவிர, இல்லாமப் போகாது. அதை அன்னிக்கே உங்ககிட்ட இந்த மாதிரி உக்காந்து சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

"அவளுக்கு மட்டும் எப்படி..."

"அவங்க உடம்புல சேத்து வச்சிருந்தத எடுத்துக்கிச்சு. பிள்ளை இந்த வயசுல ரொம்பச் சின்னது, அதுக்குத் தேவையும் சின்னது. ஆனா இனிமே அப்படி இல்ல. இனிமே அவங்க சாப்பிட்டே ஆகணும்." எழுந்திருக்கும்போது டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "நீங்களும்தான். போனது பிள்ளை மட்டும் இல்ல, உங்க ரத்தமும் போயிருக்கு."

பெரியவள் அறைக்குத் திரும்பியபோது மாமியார் காப்பி வாங்கப் போயிருந்தாள். சின்னவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"நான் கீழ வராததுக்கு வேற ஒண்ணும் இல்லக்கா. என் வயிறு உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான். வாந்தி எடுக்கறதக் கூடக் குழாயத் திறந்துவிட்டு எடுத்தேன். ஆனாலும் கேட்டிருக்கும்."

"கேட்டுது." பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இன்னிக்குக் காலையில கேக்கல. உனக்கும் போயிடுச்சுன்னு நினைச்சேன். நினைச்சப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு." சொல்லிவிட்டு, அறை வாங்கத் தயாராக இருப்பவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரவம் சொட்டுவதையே பார்த்தாள். முகம் சிவந்து, மறுபடி வெளுத்தது.

"எவ்வளவு நேரம்?" என்று கடைசியில் கேட்டாள்.

"படி ஏற ஆரம்பிக்கற வரைக்கும்."

சின்னவள் ஊசி இல்லாத கையை நகர்த்தி அவள் மடியில் வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "எனக்குப் பசிக்குது" என்றாள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் அதைச் சொன்னாள். பெரியவள் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு இறங்கிப் போய், அங்கே இருந்த சமையல்காரரிடம் கெஞ்சி, தாளிக்காமல் கொதிக்கவைத்த கஞ்சித் தண்ணீர் ஒரு கிண்ணம் வாங்கி வந்தாள். ஆறும் வரை ஊதினாள்.

வீடு திரும்பிய பிறகு வாந்தி உடனே நிற்கவில்லை. பெரியவள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். கஞ்சி, பிறகு பருப்புத் தண்ணீர், பிறகு மசித்த உருளைக்கிழங்கு என்று ஸ்பூன் ஸ்பூனாக ஏற்றினாள். டாக்டரம்மா கொடுத்த வாந்தி மாத்திரை கைகொடுத்தது. சில காலைகளில் மாடி ஏறப் படியில் கால் வைக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அப்படியே கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டு, அடங்கியதும் ஏறுவாள். சில நாள் அடங்கவில்லை. அன்றைக்கு மாமியார் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே போவாள். தாளிக்காமல் சமைக்க மாமியாரும் பழகியிருந்தாள்.

ஐந்தாம் மாதத்தில் வாந்தி திடீரென்று ஓய்ந்தது. சின்னவளுக்குப் பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. லாரியிலிருந்து இறங்கி வந்த புருஷன் தன் தட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் படாத பாடு பட்டான். பெண் குழந்தை பிறந்தது. எடை சற்றுக் குறைச்சல். குரலுக்குக் குறைச்சலே இல்லை.

பிள்ளையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து குழந்தையைக் கொஞ்சினாள். சின்னவள் அதை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் தாழ்த்திய குரலே அடுப்படிக்குத் தெளிவாகக் கேட்கும். "இதுங்கூட ரஸ்க்கத் தின்னுட்டுப் பெத்துடுச்சு. பெரியவ மட்டும் ஒழுங்கு மரியாதையாத் தின்னிருந்தா..."

"அவ ஒழுங்காத்தான் சாப்பிட்டா" என்றாள் மாமியார். "ரெண்டு பேர் வயித்துலயும் என்ன போச்சுன்னு எனக்குத் தெரியும், இந்தக் கண்ணாலதான் பாத்தேன். தங்க வேண்டியது தங்கல. அதுக்கு அவ என்ன செய்வா? இனிமே இந்த வீட்டுல உக்காந்து அந்தக் கேள்விய யாரும் கேக்க வேணாம். காப்பி ஆறுது, குடி."

அடுப்படியில் பெரியவள் கையிலிருந்த பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிய சத்தம் கேட்டது. மாமியார் உள்ளே வந்தாள். அழுகிற மருமகளைப் பார்த்தாள். சமாதானம் சொல்லத் தெரியாமல் அங்கேயும் இங்கேயும் நடந்தாள். அப்புறம் முட்டி வலிக்க வலிக்க அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நானும் கேட்டேன்ல, உன்னை" என்றாள்.

"கேட்டீங்க."

"ம்."

மாடியிலிருந்து குழந்தை வீறிடத் தொடங்கியது. "அக்கா, கொஞ்சம் தூக்கிக்கறீங்களா? தலைக்குச் சோப்புப் போட்டுட்டேன்!" என்று சின்னவள் குளியலறைக்குள்ளிருந்து கத்தினாள். பெரியவள் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். எழுந்து மாமியாருக்குக் கை கொடுத்து அவளையும் தூக்கிவிட்டாள். "வரேன், வரேன்" என்று குரல் கொடுத்தபடி மாடி ஏறினாள்.